இடது ஓரம்

“மேடம், டெய்லி இந்த இடம் வந்ததும் யாருக்குக் கை காட்டுதிய?” என்று கேட்டாள் பிரிசில்லா.

ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவள் ரோட்டைப் பார்க்க வேண்டுமே தவிர மேடத்தின் கையைப் பார்க்கக் கூடாது என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுத்தான் செண்பகவல்லி பதில் சொன்னாள். “பூக்கார சொர்ணத்துக்குத்தான். ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துல உக்காந்திருக்காள்லா?”

பிரிசில்லா வண்டியை ஓரம் கட்டினாள். மேடம் சொல்லாமல் அவளாக ஓரம் கட்டியது அன்றுதான் முதல் தடவை.

“சொர்ணத்தம்மா இறந்துட்டாங்களே மேடம். போன வாரம் காரியமே முடிஞ்சிட்டு. எங்க தெருதான், நானும் போயிட்டு வந்தேன்.”

“காலங்காத்தால என்ன பேச்சுட்டி பேசுத?” என்று செண்பகவல்லி சிரித்தாள். சிரித்தபடியே தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

ட்ரான்ஸ்பார்மர் இருந்தது. அதன் அடியில் யாரோ கட்டட மண்ணைக் கொட்டியிருந்தார்கள். மண்மேல் ஒரு நாய் படுத்திருந்தது. சொர்ணம் இல்லை.

மறுபடி முகத்தை நேராக்கி ரோட்டைப் பார்த்தாள். கண்ணின் இடது ஓரத்தில் பச்சைப் புடவையும் கூடையுமாக சொர்ணம் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். நூலை இழுக்கும் விரல்கூடத் தெரிந்தது. மண் இல்லை, நாயும் இல்லை.

செண்பகவல்லி முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டாள். “வண்டிய எடு” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் வீடு வரும்வரை அந்தப் பெண்ணை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. பிரிசில்லா அதற்கே பயந்துபோனாள்.

பாளையங்கோட்டையில் வல்லி டிரைவிங் ஸ்கூலைத் தெரியாதவர்கள் குறைவு. மேடத்தின் வாய் ஒரு காரணம். அங்கே படித்த யாரும் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடுவதில் தோற்றதில்லை என்பது இன்னொரு காரணம். அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மற்ற பள்ளிக்கூடங்களில் எட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். செண்பகவல்லி அடையாளம் சொல்லிக்கொடுத்தாள். வேப்பமரம் கண்ணாடிக்குள் வந்ததும் ஒன்றரைச் சுற்றுச் சுற்று. சிவப்புக் கம்பம் தோளுக்கு நேரே வந்ததும் சக்கரத்தை நேராக்கு. அவளுடைய பிள்ளைகள் எட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் அழகாக எட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். “பரீட்சைய நான் பாஸாக்கி விடுதேன், ஓட்டுததப் பெறகு ரோடு சொல்லிக்குடுக்கும்” என்பாள்.

கற்றுக்கொள்பவர்கள் உட்காரும் வலது பக்கம் ஸ்டீரிங், அவள் உட்காரும் இடது பக்கம் காலடியில் இன்னொரு பிரேக். இத்தனை வருஷம் அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது கால் அவள் பேச்சைக் கேட்காமல் ஆகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் பயம் வந்தால் தரையை மிதிக்கும். கெட்ட கனவு கண்டால் கட்டிலிலேயே மிதிக்கும். அதனாலேயே புருஷன் மாசானமுத்து சுவர் ஓரமாக ஒண்டிப் படுப்பார்.

செண்பகவல்லிக்குக் கண்ணில் பிரஷர் இருக்கிறது என்று தெரிந்தபோது பாதிக்குமேல் போயிருந்தது. இந்த நோய் வலிக்காது, சிவக்காது, தண்ணீர் வடியாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும். திருடிய இடத்தில் இருட்டைக்கூட வைக்காது, மூளையே பக்கத்தில் இருப்பதை இழுத்துவிட்டு மூடிக்கொள்ளும். செண்பகவல்லியின் அம்மாவுக்கும் அப்படித்தான் போனது. சோற்றுத் தட்டில் கறி இருக்கும் பக்கத்துக்குக் கை போகாமல் அம்மா சாப்பிட்டதையும், அப்புறம் தட்டே தெரியாமல் போனதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். அந்தப் பயம் அவளுக்குப் பேயைவிடப் பெரிது.

சொட்டு மருந்து விட்டாள். லேசர் வைத்தார்கள். அப்புறம் கண்ணுக்குள் நீர் வடிய மயிரிழை மாதிரி ஒரு குழாய் வைத்தார்கள். பிரஷர் இறங்கியது. போன பார்வை போனதுதான். இடது கண்ணில் பெரும்பகுதியும், வலது கண்ணில் மூக்குப் பக்கமும் போனதால், அவளுக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமலாயிற்று. இடது பக்கத்தைப் பார்ப்பதற்கென்றே இடது சீட்டில் உட்காரும் பிழைப்பு அவளுடையது.

அப்போதுதான் திருநெல்வேலியில் அந்தப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு வேர் ஊசி வந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் வேர் ஊசி என்றுதான் சொன்னார்கள்.

“செத்த நரம்பு திரும்ப வேர் விடும், செண்பகவல்லியம்மா” என்று டாக்டர் மெஹருன்னிசா அன்றைக்கு விளக்கினார். “ஆனா புது வேருக்கு மூளைக்குள்ள எங்க போய்ச் சேரணும்னு தெரியாது. நாமதான் பழக்கணும். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள பாத்துக்கிட்டு உக்காருவீங்க. ஓரத்துல சின்ன வெளிச்சம் வரும். தெரிஞ்சா பட்டனை அழுத்துங்க. காதுக்குப் பின்னால ஒட்டுற வில்லை, நீங்க அழுத்துறப்பல்லாம் நரம்புக்கு ‘இதுதான் சரியான வழி, இதையே பிடிச்சுக்கோ’ன்னு சொல்லும். தெரியலைன்னா சும்மா இருங்க. அவசரமே இல்ல.”

அவசரமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் ‘பழக்கு’ என்ற அந்தப் பயிற்சியில் தேறுகிறவர்களுக்குத்தான் இரண்டாவது ஊசி என்றும் ஒரு விதி இருந்தது. மருந்து கொஞ்சம், ஆட்கள் நிறைய. தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் கிண்ணத்துக்குள் பார்த்தபோது செண்பகவல்லிக்கு ஒன்றுமே தெரியவில்லை. அம்மாவின் தட்டு ஞாபகம் வந்தது. அப்போது அவளுடைய காது ஒன்றைக் கவனித்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் மெஷினுக்குள் லேசாக ஒரு ‘டிக்’ கேட்டது.

பிறகென்ன, வேப்பமரம் கண்ணாடியில் வந்துவிட்டது. இரண்டு சத்தம் ஒட்டி வந்தால் இரண்டாவது நம்மைச் சோதிக்க வரும் வெறும் சத்தம், அதற்கு அழுத்தக் கூடாது என்பதையும் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். பரீட்சை என்று வந்தால் அவளை யார் ஜெயிக்க முடியும்? தேறினாள். இரண்டாவது ஊசி கிடைத்தது. மாதம் ஒன்று போனதும் இடது பக்கம் மெல்லத் திறந்துகொண்டது. சுவர் வந்தது, மரம் வந்தது, தெருவோரம் பூ கட்டும் சொர்ணம் வந்தாள். செண்பகவல்லி அன்று ரோட்டோரம் நின்று அழுதாள். சொர்ணத்திடம் ஐந்து முழம் பூ வாங்கி, தலைக்கு மூன்று முழமும் காருக்கு இரண்டு முழமும் வைத்தாள்.

அதே சொர்ணத்தைத்தான் இப்போது இல்லை என்கிறாள் பிரிசில்லா.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். இடது பக்கத்து நாற்காலியில் மாசானமுத்து வழக்கம்போலக் கால்மேல் கால் போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினாள்.

“எனக்கு ஒரு மாரியா இருக்குங்க. செத்தவ கண்ணுக்குத் தெரியுதா. லைசென்ஸ பிடுங்கிருவாங்களோ, ஊசியே கெட்டுப் போச்சோ, ஒண்ணும் வெளங்கல. யார்ட்டயும் சொல்லிராதிய.”

அவர் பேப்பரைத் திருப்பினார்.

“ஒரு மனுசி இவ்வளவு சொல்லுதா, ஒரு வார்த்த பேசுனா முத்து உதிந்துருமா?”

அப்போது வாசல் கதவு திறந்தது. கையில் காய்கறிப் பையோடு மாசானமுத்து உள்ளே வந்தார். “யார்ட்ட வல்லி பேசிக்கிட்டு இருக்க?” என்றார்.

அவள் தலையைத் திருப்பவில்லை. திருப்பப் பயமாக இருந்தது. இடது ஓரத்தில் அவர் இன்னும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், எதிரில் அவர் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவளுடைய வலது கால் தரையை மிதித்தது.

மாசானமுத்து மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அவள் கேட்கவில்லை. பிரிசில்லாவுக்கு வெள்ளிக்கிழமை டெஸ்ட், அது முடியட்டும் என்றாள். உண்மையில் அவளுக்கு டாக்டரைப் பார்க்கத்தான் பயம். கண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டால்? தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வதுதானே அது.

சமாளிப்பு ஒரு காலைகூடத் தாங்கவில்லை. ஐகிரவுண்டு பக்கம் ஒரு சந்தில் பிரிசில்லா இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. செண்பகவல்லி ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்து சுத்தமாகக் காலி. அந்தச் சந்து எப்போதும் காலிதான்.

“இடப்பக்கம் ஒண்ணுமில்ல, போ” என்றாள்.

பிரிசில்லா போனாள். அடுத்த நொடி “மேடம்!” என்று கத்திக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். இடது கண்ணாடியில் ஒரு புடவை முந்தானை மாட்டிக்கொண்டு இழுத்தது. தண்ணீர்க் குடம் உருண்டது. முழங்கையில் ரத்தத்தோடு ஒரு பொம்பளை எழுந்து நின்று, குடத்தைத் தேடாமல், செண்பகவல்லியைப் பார்த்தாள்.

“ஏ தாயி, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?” என்று கேட்டாள்.

வண்டியைப் பிரிசில்லாவே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். அடிபட்ட பொம்பளையை மாசானமுத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டார். மத்தியானம் செண்பகவல்லி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் மெஹருன்னிசா முழுக்கக் கேட்டார். பிறகு அவளைக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார வைத்து, பட்டனைக் கையில் கொடுத்தார்.

“இன்னிக்கு மார்க் எதுவும் கிடையாது. நிஜமாத் தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. எனக்காக.”

செண்பகவல்லி இந்தத் தடவை நேர்மையாக இருந்தாள். வெளிச்சங்கள் வந்தன. இடது மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓரத்தில் ஒன்று. தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினாள். முடிந்ததும் கிண்ணத்திலிருந்து முகவாயை எடுத்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான தெரியுது டாக்டர்?” என்றாள், கொஞ்சம் தைரியம் வந்து.

டாக்டர் மெஷினின் வயரைத் தூக்கிக் காட்டினார். பிளக் அவர் கையில் இருந்தது.

“நீங்க உக்காந்ததுமே பிடுங்கிட்டேன்” என்றார். “இதுல வெளிச்சமே வரலை.”

ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் செண்பகவல்லிக்கு வேர்த்தது. பட்டனை மேஜையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது.

“பேயா டாக்டர்?”

“பேய்னா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்” என்றார் டாக்டர். “பழக்குல வெளிச்சத்தைப் பாத்து அழுத்துனீங்களா, சத்தத்தைக் கேட்டு அழுத்துனீங்களா?”

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள். டாக்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“வேர் முளைச்சு வர்றப்போ, வெளிச்சத்துக்குப் போறதா, வேற எங்கயாவது போறதான்னு அதுக்குத் தெரியாது. நீங்க அழுத்துற திசைக்குத்தான் போகும். வெளிச்சம் தெரியாம, ‘இப்ப வரும்’னு எதிர்பாத்து அழுத்துனீங்க. அதனால அது கண்ணோட சேராம எதிர்பார்ப்போட போய்ச் சேந்திடுச்சு. இடப்பக்கம் எது இருக்கும்னு உங்க மனசு நினைக்குதோ, அதை அப்படியே படமாப் போட்டுக் காட்டுது. வழக்கமா இருக்கிற பூக்காரம்மா இருப்பாங்க. வழக்கமாக் காலியா இருக்கிற சந்து காலியாவே இருக்கும்.”

“எது நெசம், எது பொய்யின்னு பிரிச்சுப் பாக்க ஒரு வழியும் இல்லையா?”

“தலையைத் திருப்பி வலது கண்ணால பாக்கலாம். அது மட்டும்தான். அந்த ஓரத்துல தெரியுற எதையும் நம்பக் கூடாது. ஆனா மனுஷங்க நம்பாம இருக்க மாட்டாங்க. கண்ணுல தெரியுறப்போ எப்படி நம்பாம இருக்கிறது?” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லேசர் வெச்சு அந்த வேரையே அவிச்சிடலாம். பொய் போயிடும். இடப்பக்கமும் போயிடும், திரும்ப வராது.”

“இருட்டாயிருமா?”

“இருட்டுக்கூட இல்ல. உங்க முதுகுக்குப் பின்னால இப்போ என்ன தெரியுது? அப்படி இருக்கும்.”

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. ஐந்து முழம் பூ வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. அன்று அவள் பார்த்த மரமும் சுவரும்கூட அவள் மனசு போட்ட படம்தானா? அந்த நேரத்தில் சொர்ணம் உயிரோடுதான் இருந்தாள். பூவைக் கையில் வாங்கியது நிஜம். மற்றது எதுவும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

“தப்பு உங்க மேல மட்டும் இல்ல” என்றார் டாக்டர். “தேறினாத்தான் ஊசின்னு சொன்னது நாங்க. பயந்தவங்க என்ன செய்வாங்கன்னு யோசிக்கலை. நல்லவேளை, நீங்க ஒருத்தர்தான் இப்படி...”

செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்ததும் டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

“நான் ஒருத்தி இல்ல டாக்டர்” என்றாள் செண்பகவல்லி. “ஸ்கூல் வேன் ஓட்டுத ஞானசிகாமணி அண்ணாச்சி. பழக்குக்குக் காத்துக் கெடக்கயில பக்கத்துல உக்காந்து அழுதாரு. வேன் போச்சுன்னா கஞ்சிக்கு வழியில்லன்னாரு. நாந்தான் சொல்லிக்குடுத்தேன்.”

அவள் நல்ல வாத்தியார். யார் அழுதாலும் பரீட்சையைப் பாஸாக்கிவிடுகிற வாத்தியார். சத்தம் எப்போது வரும், எந்தச் சத்தத்துக்கு அழுத்தக் கூடாது என்று அவர் உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பழக்கிவிட்டிருந்தாள்.

டாக்டர் மெஹருன்னிசாவின் முகம் வெளுத்தது. “அவருக்குத்தான் எல்லாரையும்விட நல்ல மார்க்” என்றார். “அவருக்குப் போனது வலப்பக்கம். அதுல நூத்துக்கு நூறு.” உடனே போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது அண்ணாச்சி போன் எடுக்க மாட்டார், அந்த விஷயத்தில் ஒழுங்கானவர். சுவரில் மணி மூன்றரை ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம்.

“நீங்க போய் நிறுத்துங்க. நான் ஸ்கூலுக்குப் பேசுறேன். உங்க லேசர்...”

“மொதல்ல அவரு. பெறகு என் கண்ண என்னமும் செய்யுங்க” என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி ஓடினாள். கதவை ஒட்டி இடது பக்கம் காலியாகத் தெரிந்த இடத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றது. இடுப்பில் இடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆட்டோ போகும் வழியெல்லாம் அவள் கால் தரையை மிதித்தபடியே வந்தது. சாராள் டக்கர் காலேஜ் பக்கம் நெரிசல். ஆட்டோக்காரர் சந்துக்குள் விட்டு எடுத்தார். இடது ஓரத்தில் வழக்கமான கடைகளும் வழக்கமான ஆட்களும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். அவள் கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

வேன் இன்னும் போயிருக்கவில்லை. பள்ளிக்கூட கேட்டுக்கு எதிர்ப்பக்கம் மஞ்சள் வேன் நின்றது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். ஞானசிகாமணி ஸ்டீரிங்கைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப்போனார். செண்பகவல்லி ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். கத்தின பிறகுதான் திரும்பினார்.

“வா தங்கச்சி! நீ எப்ப வந்த?” என்று முகமெல்லாம் சிரித்தார். “ஒன் புண்ணியத்துல எல்லாம் பளிச்சுன்னு தெரியுது.”

“அண்ணாச்சி, வண்டிய அணைங்க. பிள்ளையள எறக்குங்க.”

“என்ன சொல்லுத? நேரமாவுதுல்லா.”

“நம்ம அழுத்துனது தப்பு அண்ணாச்சி. டாக்டர் சொல்லிட்டாங்க. வலப்பக்கம் ஒங்களுக்குத் தெரியுதது எதுவும் நெசமில்ல.”

அவருக்குக் கோபம் வந்தது. நல்ல மனுஷர், அதனால் கோபத்தைக்கூட மெதுவாகத்தான் சொன்னார். “எத்தன மாசமா ஓட்டுதேன், ஒரு கீறல் உண்டா? எனக்குத் தெரியுதது எனக்குத் தெரியாதா? நீ வேணா டாக்டரப் பாரு. வழிய விடு, தாய்மாரு காத்துக்கிட்டு நிப்பாங்க.”

அவர் முகத்தை நேராகத் திருப்பிக்கொண்டு சாவியைத் தொட்டார். கதவை இறுகப் பிடித்திருந்த செண்பகவல்லிக்கு அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் தினமும் செய்கிற சோதனை ஞாபகம் வந்தது. நர்ஸ் எப்போதும் இரண்டு விரலைத்தான் காட்டுவாள்.

“அப்போ ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. தலையத் திருப்பாதிய, நேராப் பாருங்க. நான் எத்தன வெரல் காட்டுதேன்?”

“ரெண்டு” என்றார் ஞானசிகாமணி, ஒரு நொடிகூட யோசிக்காமல். “போதுமா? எங்க வேணாலும் ஆட்டு, சொல்லுதேன்.”

வேனுக்குள் முன் சீட்டில் ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“தாத்தா! ஆன்ட்டி வெரலே காட்டலயே! ரெண்டு கையாலயும் கதவைல்லா பிடிச்சிருக்காங்க!”

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். ஞானசிகாமணி சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையை வலது பக்கம் திருப்பி, கதவைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார். முகத்தை நேராக்கினார். மறுபடி திருப்பினார். சாவியை உருவி அவள் கையில் வைத்தார்.

“காலையில இந்தப் பிள்ளையளத்தான கூட்டிட்டு வந்தேன்” என்றார். “ஏசுவே, இந்தப் பிள்ளையளத்தான.”

அவரைத் தேற்ற நேரமில்லை. பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் செய்வது என்று முடிவாயிற்று. கேட் எதிர்ப்பக்கம். ரோட்டைத் தாண்ட வேண்டும். வாட்ச்மேன் உள்ளே பெரிய வகுப்புகளுக்கு மணியடிக்கப் போயிருந்தார்.

“பிள்ளையளா, ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கிடுங்க” என்றாள் செண்பகவல்லி. “அண்ணாச்சி, ஒங்களுக்கு இடப்பக்கம் நெசம். எனக்கு வலப்பக்கம் நெசம். நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்குதேன்.”

“சரி தங்கச்சி.”

“இடப்பக்கம்?”

“காலி. சத்தியமாக் காலி.”

அவள் வலது பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஒரு பஸ் வளைவில் தெரிந்தது. நிறைய தூரம் இருந்தது. பிள்ளைகளை இறக்கினாள். ரெட்டைச் சடைக்காரி முன்னால், மற்றவர்கள் பின்னால், சங்கிலியாக நடுரோடு வரை போய்விட்டார்கள். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் எப்போதும் பிள்ளைகள் நடமாட்டம் இருக்காது. எல்லாப் பிள்ளைகளும் வேனில் ஏறியிருக்கும் நேரம் அது.

“பஸ்ஸு ஒண்ணு வருது அண்ணாச்சி. பிள்ளையள வெரசா விடுங்க.”

“என்ன நம்பர்?”

“பதினேழு. புது கரண்டு பஸ்ஸு.”

“அப்போ நம்ம சாமுவேல்லா!” அண்ணாச்சியின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. “பிள்ளையளப் பாத்தா எப்பவும் நிப்பாட்டிக் குடுப்பான், நல்ல பையன். நீ பயப்படாத.”

“எந்த சாமுவேல்?”

“வார்டுல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல கெடந்தான்லா, தங்கமான பையன். அவனுக்கு ஓரத்துல இல்ல, நடுப் பார்வையிலயே ஓட்ட விழுந்துட்டு. பழக்குல ஒண்ணும் தெரியலன்னு ராத்திரியெல்லாம் அழுதான், பாவம். சத்தத்தக் கேட்டு அழுத்துடேன்னு நான்தான்...”

ஞானசிகாமணி பஸ்ஸைப் பார்க்கத் தலையைத் திருப்பினார்.

செண்பகவல்லி பஸ்ஸைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. டிரைவரின் முகம் தெரிகிற தூரம். நேராக ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன் முகம்தான். வேகம் குறையவில்லை.

“பிள்ளையளா!” என்று அலறிக்கொண்டு அவள் நடுரோட்டுக்கு ஓடினாள். ஓடும்போதே அவளுடைய வலது கால் தார் ரோட்டை ஓங்கி ஓங்கி மிதித்தது.